மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் வரும் போன்

"சார், மாடு ராத்திரியிலிருந்து அசை போடல." மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் காலையில் கால்நடை மருத்துவரான என் போன் இப்படித்தான் விடியும். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், "வழக்கமான தீனிதான் சார்" என்பார்கள். இரண்டாவது முறை கேட்டால்தான் பொங்கல் பானை வெளியே வரும்.

போன வருடம் ஒரு ஜெர்சி கலப்பினப் பசு. வீட்டுப் பொங்கலோடு அக்கம்பக்கத்தார் ஆசையாகக் கொண்டுவந்ததும் சேர்ந்து ஓர் அன்னக்கூடை சோறு உள்ளே போயிருந்தது. இடது பக்கம், விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்தேன். நல்ல மாடு என்றால் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை வயிறு புரண்டு வந்து கையைத் தள்ளும். இங்கே அசைவே இல்லை. குலுக்கினால் அரைக்குடம் தண்ணீர் தளும்புகிற சத்தம். கண் குழி விழுந்திருந்தது. சாணி தண்ணீராக, புளித்த மாவு வாடையோடு.

வைக்கோலைச் செரிப்பது உண்மையில் மாடு அல்ல. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் அசையூண் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அவை பிழைக்க அங்கே பிஹெச் (புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6-லிருந்து 7-க்குள் இருக்க வேண்டும். அசை போடும்போது குடம் குடமாக ஊறும் உமிழ்நீரில் இயற்கையாகவே சோடா உப்பு உண்டு. அது புளிப்பை முறித்துக்கொண்டே இருக்கும். குழைந்த சோற்றுக்கு மெல்லும் வேலையும் இல்லை, அசை போடும் வேலையும் இல்லை. மாவுச்சத்து மளமளவெனப் புளித்து லாக்டிக் அமிலமாகிறது. பிஹெச் 5-க்குக் கீழே இறங்கினால் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். அமிலம் ரத்தத்திலிருக்கும் நீரையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். வயிறு நிறையத் தண்ணீர், உடம்போ வறட்சி.

சலைனும் சோடியம் பைகார்பனேட்டும் நரம்பில் ஏற்றினேன். அப்புறம், பக்கத்துத் தொழுவத்து மாட்டின் வயிற்று நீரைக் குழாய் வழியே எடுத்து இதற்குச் செலுத்தினேன். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். "நல்லெண்ணெய் ஊத்தட்டுமா சார்?" என்றார் மாட்டுக்கார அம்மா. வேண்டாம் என்றேன். சோர்ந்து கிடக்கும் மாட்டுக்கு வாயில் எதையாவது ஊற்றி, அது நுரையீரலுக்குப் போய்ச் செத்த மாடுகளையும் பார்த்திருக்கிறேன்.

மற்ற நாட்களில் என்னிடம் கேட்பது டானிக். "பால் சங்கத்துல ஃபேட் வரல சார், ஏதாவது எழுதிக் குடுங்க." பாலில் கொழுப்பு சேரப் பெரிதும் உதவும் அசிட்டேட், நார் செரிக்கும்போதுதான் அதிகம் கிடைக்கிறது. வைக்கோலைக் குறைத்து மாவைக் கூட்டினால் பால் கூடலாம், ஃபேட் இறங்கும். இதற்கு டானிக் என்ன செய்யும்? தாது உப்புக் கலவை வேறு விஷயம். கறவை மாட்டுக்குத் தினமும் 30 முதல் 50 கிராம் தீவனத்தில் கலந்து கொடுங்கள், அது வீண்செலவில்லை. மாவு, புண்ணாக்கு போன்ற அடர்தீவனம் அதிகம் தின்னும் மாட்டுக்குச் சமையல் சோடாவும் ஈஸ்ட்டும் உதவும், ஆனால் வைக்கோல் குறைந்த தொட்டியை அவை சரிக்கட்டாது. புதுத் தீவனம் எதுவானாலும் பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பொங்கலன்று வாழையிலையில் ஒரு கைப்பிடி ஊட்டுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

அந்தப் பசு மூன்றாம் நாள் மாலை அசை போட்டது. பிழைத்தது என்று சந்தோஷப்பட்டோம். சித்திரையில் மறுபடி கூப்பிட்டார்கள்: மாடு நொண்டுகிறதாம். அன்றைய அமிலம் குளம்புக்குள் ரத்த ஓட்டத்தையும் கெடுத்திருந்தது.