மோதாத அணிகளில் யார் பெரியவர்?

அமெரிக்கக் கல்லூரிகளின் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ ஆட்டத்தில் 1997 பருவம் முடிந்தபோது மிச்சிகன், நெப்ராஸ்கா என இரண்டு அணிகள் தோல்வியே காணாமல் நின்றன. மோதவிட்டுப் பார்க்க வழியில்லை. பருவக் கடைசியில் நடக்கும் ‘பௌல்’ ஆட்டங்கள் ஒவ்வொன்றுக்கும், அணிகள் சேர்ந்திருக்கும் கூட்டமைப்புகளோடு தனி ஒப்பந்தம். பிக் டென் கூட்டமைப்பின் சாம்பியனான மிச்சிகன் ரோஸ் பௌலுக்குப் போனது. நெப்ராஸ்கா ஆரஞ்சு பௌலுக்கு. இரண்டுமே ஜெயித்தன. வாக்கெடுப்பில் பத்திரிகையாளர்கள் மிச்சிகன்தான் சாம்பியன் என்றார்கள், பயிற்சியாளர்கள் நெப்ராஸ்கா என்றார்கள்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக பிசிஎஸ் (பௌல் சாம்பியன்ஷிப் சீரிஸ்) முறையை முன்னின்று உருவாக்கியவர் தென்கிழக்குக் கூட்டமைப்பின் அப்போதைய ஆணையர் ராய் கிரேமர். அவரே பழைய பயிற்சியாளர். 1974இல் சென்ட்ரல் மிச்சிகனை இரண்டாம் பிரிவு சாம்பியனாக்கியவர். 1998 முதல் தரவரிசையின் முதல் இரண்டு அணிகள் நேருக்கு நேர் மோத ஏற்பாடானது. சரி, அந்த இரண்டு அணிகள் எவை? அதை முடிவு செய்ய வாக்கெடுப்போடு கணினிக் கணக்கையும் சேர்த்தார்கள்.

அந்தக் கணக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது வானியற்பியலாளர் வெஸ்லி காலியுடையது. ஆட்டம் தொடங்கும் முன் எல்லா அணிக்கும் அரை மதிப்பெண். அப்புறம் வெற்றிகளோடு ஒன்றைக் கூட்டி, ஆட்டங்களோடு இரண்டைக் கூட்டி வகுக்க வேண்டும். ஓர் ஆட்டம் ஆடி ஜெயித்தால் 2/3, தோற்றால் 1/3. இதனால் ஒரே வெற்றியை வைத்து எந்த அணியும் முழு மதிப்பெண்ணுக்குத் தாவ முடியாது.

ஆனால் தோற்ற அணியின் மதிப்பு இப்போது குறைந்துவிட்டதே! அதை வென்றதன் பெருமையும் குறையத்தானே வேண்டும்? அதனால் வென்ற அணியின் மதிப்பெண் கொஞ்சம் இறங்கும். தோற்றதோ வலுவான அணியிடம் என்பதால் அதன் மதிப்பெண் கொஞ்சம் ஏறும். இப்படி மாறி மாறித் திருத்திக்கொண்டே போனால் கடைசியில் 5/8, 3/8 என்று நிலைக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட அணிகளுக்கு அத்தனை சமன்பாடுகளையும் கணினி ஒரே மூச்சில் தீர்க்கிறது. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் என்பது இதில் சேராது.

எல்லா அணிகளும் ஒரே வலையில் கோத்திருப்பதால், எங்கோ ஒரு மூலையில் நடந்த ஆட்டமும் மேல்வரிசையை அசைக்கும். 2010இல் வெஸ்டர்ன் இல்லினாய்ஸ், அப்பலாச்சியன் ஸ்டேட் அணிகள் ஆடிய ஓர் ஆட்டம் தரவில் விடுபட்டது. அதைச் சேர்த்ததும் எல்எஸ்யுவும் (லூசியானா ஸ்டேட்) பாய்ஸி ஸ்டேட்டும் 10, 11ஆம் இடங்களை மாற்றிக்கொண்டன. காலி தன் சூத்திரத்தை முழுசாக வெளியிட்டிருந்ததால்தான் வெளியாள் ஒருவர் கணக்கைப் போட்டுப் பார்த்து அந்தப் பிழையைப் பிடிக்க முடிந்தது. பிசிஎஸ் பயன்படுத்திய மற்ற ஐந்து கணினிக் கணக்குகளை அப்படி முழுசாகச் சரிபார்க்க வழியே இருக்கவில்லை.