ஒரு காருக்கு எத்தனை மணி நேரம்?

ஒரு காரைத் தயாரிக்க 30 மணி நேரம் ஆகிறது என்று படிப்பவர்களில் பலர், அந்தக் கார் ஆலைக்குள் அவ்வளவு நேரம் இருந்ததாகவே எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண் குறிப்பது கடிகார நேரத்தை அன்று, தொழிலாளர்களின் உழைப்பு நேரத்தை. ஓர் ஆலையில் 1,500 பேர் ஒரே ஷிஃப்டில் தலா 8 மணி நேரம் உழைத்து 400 கார்களை முடித்தால், மொத்தமுள்ள 12,000 மணி நேரத்தை 400ஆல் வகுக்கக் கிடைப்பது 30. அதே ஆலையின் அசெம்பிளி லைனிலிருந்து 72 விநாடிக்கு ஒரு கார் இறங்கிக்கொண்டிருக்கும்.

நிறுவனங்களை ஒப்பிடும்போது இந்த வகுத்தல் கணக்கு மட்டும் போதாது என்பதை, 1980களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் ஆலையில் ஒரு காரின் அசெம்பிளிக்கு 40.7 மணி நேரமும், ஜப்பானில் டொயோட்டாவின் தகவோகா ஆலையில் 18 மணி நேரமும் ஆயின. காரின் அளவு, வெல்டிங்கின் எண்ணிக்கை, ஆலைக்குள் செய்யப்படும் வேலைகள் ஆகியவற்றின் வேறுபாடுகளைச் சரிக்கட்டிய பிறகு இவை 31 ஆகவும் 16 ஆகவும் குறைந்தன. எஞ்சிய இடைவெளிக்கு ஜப்பானியத் தொழிலாளர்களின் இயல்பே காரணம் என்று சொல்லிவிட முடியவில்லை. ஏனெனில், கலிபோர்னியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் மூடிவிட்டிருந்த ஃப்ரீமான்ட் ஆலையை 1984இல் இரு நிறுவனங்களும் கூட்டாகத் திறந்து, பெரும்பாலும் பழைய தொழிலாளர்களையே அமர்த்தி, டொயோட்டாவின் முறையில் நடத்தியபோது, 1987இல் அங்கே ஒரு காருக்கு 19 மணி நேரமே ஆனது. இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்த எண் இதுதான். அவசரத்தில் தரம் கெட்டதா என்றால், அதுவும் இல்லை: ஃப்ரேமிங்ஹாமில் 100 கார்களுக்கு 130 குறைகள், ஃப்ரீமான்டில் 45. குறை குறைந்தால் மறுவேலையும் குறைகிறது. டொயோட்டாவின் முறையில் உதிரிப்பாகங்கள் வாரக்கணக்கில் குவிந்து கிடப்பதில்லை, அதனால் பிழை உடனே கண்ணில் படுகிறது.

பின்னாளில் வட அமெரிக்க ஆலைகளை ஆண்டுதோறும் ஒப்பிட்ட ஹார்பர் அறிக்கை, அசெம்பிளியோடு தகடு அழுத்துதல், என்ஜின், கியர்பாக்ஸ் வேலைகளையும் சேர்த்துக் கணக்கிட்டது. ஆகவே அதில் வரும் 30ஐ ஒட்டிய எண்களை முன்சொன்ன 16, 19 ஆகியவற்றின் அருகில் வைத்துப் பார்ப்பது பிழை. அந்தக் கணக்கில், 2006இல் டொயோட்டாவுக்கு 29.93 மணி நேரமும் அமெரிக்க நிறுவனமான கிரைஸ்லருக்கு 32.90 மணி நேரமும் தேவைப்பட்டன. 2007இல் இரண்டும் 30.37இல் சமமாக நின்றன, ஃபோர்டு 33.88இல் இருந்தது. அப்படி முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட கிரைஸ்லர் 2009 ஏப்ரலில் திவால் பாதுகாப்பு கோரியது. இந்தக் கணக்கின் வகுத்தியில் இருப்பவை தயாரான கார்கள். அவற்றில் எத்தனை, என்ன லாபத்தில் விற்றன என்பது அதற்குள் வருவதில்லை.