பெயின்டுக்குள் நிற்கும் பழுப்புத் தண்ணீர்

சென்ற சனிக்கிழமை ஒரு தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அவருடைய அப்பா இளமையில் ஓட்டிய எஃகு டூரிங் சைக்கிள். புதிதாகப் பவுடர் பெயின்ட் அடித்து, முன்னும் பின்னும் கேரியர் மாட்டி, பார்க்கவே ஆசையாக இருந்தது. “மேடு ஏறும்போது மட்டும் பெடலுக்குக் கீழே டிக், டிக் என்று சத்தம் வருகிறது அண்ணா. கொஞ்சம் கிரீஸ் வைத்துக் கொடுத்தால் போதும். அடுத்த வாரம் சானி கணவாய்க்குப் புறப்படுகிறோம்” என்றார்.

கிராங்கைக் கழற்றினேன். பெடல் அச்சு சுழலும் கூடான பாட்டம் பிராக்கெட்டின் வலப்பக்கக் கப்பை, அதாவது மரை போட்ட மூடியை, திருகி எடுத்ததும் அரை டம்ளர் பழுப்புத் தண்ணீர் என் காலில் கொட்டியது. செயினை ஒட்டிப் பின்சக்கரத்துக்குப் போகும் குழாய், பிராக்கெட்டோடு சேரும் இடத்தில் திருப்புளியின் நுனியை வைத்து லேசாக அழுத்தினேன். நனைந்த அட்டைக்குள் போவதுபோல் உள்ளே போயிற்று. தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த ஃபிரேமைப் பார்த்துவிட்டு “இரும்புதானே, ஆயுசுக்கும் வரும்” என்று அவருக்குத் தைரியம் சொன்னவர்கள்மேல்தான் வந்தது.

இந்த ஆண்டில் இது நான்காவது. நான்கில் மூன்று புதிதாகப் பெயின்ட் அடித்தவை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

டர்பனில் நான் ஓயாமல் கேட்கும் ஒரு பேச்சு உண்டு. “எங்கள் தாத்தா கிளேர்வுட் தோட்டத்திலிருந்து இருட்டோடு கிளம்பி, கேரியர் நிறையக் கீரைக்கட்டு ஏற்றி, அதிகாலைச் சந்தைக்கு சைக்கிளில் போவார். அந்தச் சைக்கிள் இன்னும் வீட்டில் நிற்கிறது. எஃகு ஒன்றும் ஆகாது.” தாத்தாவின் சைக்கிள் நிற்பது உண்மைதான். ஆனால் அது என்ன குழாய் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் காலத்துச் சுமை சைக்கிளின் குழாய் சாதாரண எஃகு, கனமான சுவர். நீங்கள் தேடிப்பிடித்து வாங்கும் டூரிங் ஃபிரேம் அப்படிப்பட்டதில்லை. ரெனால்ட்ஸ் 531 என்று ஒட்டுத்தாள் இருந்தால் பெருமையாகத் தடவிப் பார்க்கிறோம். 1935-இல் வந்த அந்தக் குழாயின் சிறப்பே, பற்றவைக்கும் இரு முனைகளிலும் கனமாக இருந்து நடுவில் மெலிவதுதான். முனையில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6 என்பது வழக்கமான அளவு. குரோமியம், மாலிப்டினம் கலந்த 4130 குழாய்களிலும் நல்லவை ஏறத்தாழ இப்படித்தான். தாத்தாவின் குழாய் சுவர் இதைப்போல இரண்டு மடங்கு இருக்கும். அந்தச் சுவரில் அரை மில்லிமீட்டரைத் துரு தின்றாலும் மிச்சம் இருக்கும். உங்களுடையதில் அரை மில்லிமீட்டர் போனால் பெயின்ட்தான் மிச்சம்.

குரோமியம் இருப்பதால் துருப்பிடிக்காது என்று சிலர் வாதிடுகிறார்கள். எவர்சில்வரில் குரோமியம் குறைந்தது பத்தரை விழுக்காடு இருக்கும். 4130-இல் ஒரு விழுக்காடு அளவுக்குத்தான் உண்டு. அது உறுதிக்குச் சேர்த்தது, துருவைத் தடுக்கச் சேர்த்ததில்லை. கடற்காற்றுக்கு முன் இரண்டும் ஒன்றாகிவிடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாத்தா ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் விட்டார். நாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதிவேகத் தண்ணீர்க் குழாயைப் பிடித்து அடிக்கிறோம். பெட்ரோல் நிலையத்தில் காருக்குப் பிடிக்கும் அந்தப் பீச்சுக்குழாயைத் தயவுசெய்து சைக்கிள்மேல் திருப்பாதீர்கள். பேரிங்குகளில் உள்ள கிரீஸைக் கழுவி எடுத்து, குழாய்க்குள்ளும் தண்ணீரை ஏற்றிவிடுகிறது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, அது போதும்.

தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கேட்கிறார்கள். சீட் போஸ்டை இறுக்கும் இடத்தில் பின்பக்கமாக ஒரு கீறல் விட்டிருப்பார்களே, பின்சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீர் நேரே அதற்குள்தான் போகிறது. பாட்டில் தாங்கியின் ஸ்க்ரூ ஒன்று விழுந்துபோனால் அந்த ஓட்டை வழியாகப் போகிறது. மெல்லிய பின்குழாய்களில் பற்றவைக்கும்போது காற்றுப் போக விட்ட ஊசித்துளைகள் வழியாகப் போகிறது. போனதெல்லாம் சரிந்து இறங்கிச் சேரும் இடம் பாட்டம் பிராக்கெட். அங்கே அடியில் ஒரு வடிகால் துளை இருக்க வேண்டும். உங்கள் சைக்கிளில் இருக்கிறதா என்று இன்றைக்கே கவிழ்த்துப் பாருங்கள்.

அந்தத் தம்பியின் ஃபிரேமிலும் துளை இருந்தது. பவுடர் பெயின்ட் அடித்தவர்கள் அதை அடைத்துவிட்டார்கள். இரும்புக் கேட்டுக்கும் கார் ரிம்முக்கும் பெயின்ட் அடித்துப் பழகிய பட்டறை. அவர்களுக்கு அது என்ன துளை என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அதோடு பழைய பெயின்டை எடுக்க மணல் வீச்சு. கேட்டுக்கு அடிக்கும் வேகத்தில் 0.6 மில்லிமீட்டர் குழாய்மேல் மணலை அடித்தால் மிச்சமிருக்கும் சுவரும் மெலியும். பிராக்கெட்டுக்குள் அரைக் கைப்பிடி மணல் அப்படியே கிடந்தது. ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள அதைவிட வேறென்ன வேண்டும்? பெயின்ட் அடிக்கக் கொடுப்பதற்கு முன் உள்ளே பார்த்துவிடுங்கள். கொடுக்கும்போது மரைகளை மூடச் சொல்லுங்கள், துளைகளைத் திறந்துவிடச் சொல்லுங்கள், மென்மையான தூளை மெதுவாக வீசச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு இடம் பாருங்கள்.

எஃகு உடைவதற்கு முன் எச்சரிக்கும் என்பார்கள். பெரும்பாலும் சரிதான். அந்த டிக், டிக் சத்தம் எச்சரிக்கையே. அதற்குக் கிரீஸ் வைத்து வாயடைக்கப் பார்க்கிறோம். நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லாததால், டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகிறவர்கள் பழைய பெருஞ்சாலையில்தான் ஏறி இறங்க வேண்டும். ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இஞ்சங்கா. காம்ரேட்ஸ் மாரத்தான் ஓட்டக்காரர்களுக்கு இந்தப் பெயர்கள் மனப்பாடம். திரும்பி வரும்போது ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில், 25 கிலோ மூட்டையோடு, பக்கத்தில் லாரி உறுமிக்கொண்டிருக்கும்போது பின்குழாய் முறிந்தால் சக்கரம் சாய்ந்து ஃபிரேமில் கடித்துக்கொள்ளும். அதற்குமேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை சைக்கிளை எலும்புவரை பிரியுங்கள். பிரிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு சொல்: இங்கிலாந்து அளவு மரை உள்ள பிராக்கெட்டில், செயின் பக்கத்துக் கப் எதிர்த்திசை மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் நீளமான பைப்பை மாட்டி மறுதிசையில் திருகி மரையைச் சிதைத்துக்கொண்டு வருபவர்கள் மாதம் ஒருவராவது உண்டு. பழைய இத்தாலிய ஃபிரேம்களிலோ இரு பக்கமும் சாதாரண மரை. குறுக்கே அளந்து பாருங்கள். 68 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலும் இங்கிலாந்து, 70 என்றால் இத்தாலி.

பிரித்தபின் ஃபிரேமை இரண்டு நாள் நன்றாக உலர விடுங்கள். கார் கதவுகளுக்குள் அடிக்கும் துருத்தடுப்பு மெழுகு ஸ்ப்ரே கிடைக்கிறது. நீளமான மெல்லிய குழாய் வைத்து ஒவ்வொரு துளை வழியாகவும் அடித்து, ஃபிரேமை எல்லாத் திசையிலும் புரட்டி, மிச்சத்தை வடியவிடுங்கள். கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெயும் நல்லதுதான், பழைய ஃபிரேம்காரர்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது காயும்போது தானாகச் சூடேறும், யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவைத்து அப்புறப்படுத்துங்கள். என் பட்டறையில் மற்ற எல்லாவற்றுக்கும் சமாதானம் உண்டு, இதற்கு மட்டும் கிடையாது.

சீட் போஸ்டின் கீறலுக்குப் பழைய டியூபில் ஒரு விரற்கடை வெட்டி வளையமாக மாட்டிவிடுங்கள். செலவே இல்லை. சீட் போஸ்டையும் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை உருவி, துடைத்து, கிரீஸ் தடவித் திரும்ப மாட்டுங்கள். எஃகுக் குழாய்க்குள் அலுமினியப் போஸ்ட், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட பிறகு கேஸ் விளக்கால் சூடாக்காதீர்கள். அலுமினியம் எஃகைப்போல இரண்டு மடங்கு விரியும், அதனால் இன்னும் இறுகும். காஸ்டிக் சோடா ஊற்றிக் கரைக்கும் வேலையை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். கண்ணையும் தோலையும் அரிக்கும், எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயுவையும் கிளப்பும்.

உடற்பயிற்சிக்காக வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்தி மிதிப்பவர்களும் கவனிக்க வேண்டும். 2020 ஊரடங்கில் முதல் ஐந்து வாரம் வெளியே போய் ஓட்ட வழியில்லாமல் எல்லாரும் கூடத்தில் மிதித்தோம். அந்த ஆண்டுக் கடைசியில் மேல்குழாயில் பிரேக் கம்பி ஓடும் இடமெல்லாம் அரித்துப்போன சைக்கிள்களாக வந்தன. வியர்வையும் உப்புதானே. ஒரு துண்டு போர்த்துங்கள்.

இனி, தனக்கேற்ப மாற்றிக்கொள்வது. கேரியர் மாட்டக் காது இல்லையென்று ஃபிரேமில் துளை போடாதீர்கள். குழாயின் நடுப்பகுதி மெலிந்தது என்று மேலே சொன்னேன். ரப்பர் உறையிட்ட வளையக் கிளிப் கிடைக்கும், அதைப் போட்டு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழற்றி அடியில் பாருங்கள். கேட் வெல்டிங் செய்பவரிடம் போய்க் காது ஒட்டவைப்பதும் வேண்டாம். அவர் தொழிலில் அவர் வல்லவராக இருக்கலாம். கனமான இரும்புக்கு வைக்கும் வெல்டிங் ராடு இந்தக் குழாயில் ஓட்டை போட்டுவிடும். ஓட்டை விழாவிட்டாலும் ஓரத்தில் எஃகு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். கேஸ் சுடரில் பித்தளையோ வெள்ளியோ வைத்துப் பற்றவைப்பவரிடம் போங்கள். வெள்ளிப் பற்று 700 டிகிரிக்குள் உருகி ஓடிவிடும். குழாய்க்கு அதுவே கருணை.

பின்சக்கர அச்சு 126 மில்லிமீட்டர் உள்ள பழைய ஃபிரேமை 130-க்கோ 135-க்கோ விரிப்பது எஃகில் முடியும். அலுமினியத்திலும் கார்பனிலும் கூடாது. விரித்தபின் ஒரு நூலைப் பின்சக்கர அச்சு மாட்டும் கொக்கியில் கட்டி, முன்குழாயைச் சுற்றி மறுபக்கக் கொக்கிக்குக் கொண்டுவந்து, சீட் போஸ்ட் இறங்கும் நடுக்குழாயிலிருந்து இரு பக்க நூலுக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருக்கிறதா என்று அளக்க வேண்டும். அளக்காமல் விட்டால் கை விட்டு ஓட்டும்போது சைக்கிள் ஒரு பக்கமாகவே இழுக்கும்.

சக்கரம் 36 கம்பி. மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு இதில் பேரம் இல்லை. கேரியர் போல்ட்டுகளைத் தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள்.

அந்தத் தம்பியின் பயணம் தள்ளிப்போயிருக்கிறது. இரண்டு பின்குழாய்களையும் அறுத்தெடுத்துவிட்டுப் புதியவை பற்றவைக்கப்போகிறேன். பிராக்கெட்டின் மரை தப்பித்திருப்பது அவர் அப்பா செய்த புண்ணியம், கிரீஸை அள்ளி வைத்திருந்தார். அறுத்த குழாயை நெடுக்காகப் பிளந்து மேசைமேல் வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்க்கட்டும் என்று.

ஜூனும் ஜூலையும் நம் ஊரில் காற்று வறண்டிருக்கும் மாதங்கள். ஃபிரேமைத் திறந்து உலர்த்த அதைவிட நல்ல காலம் கிடையாது. கொண்டுவாருங்கள். வருவதற்கு முன் மரியாதைக்காகக் கழுவித் துடைத்துக்கொண்டு வர வேண்டாம். விரிசல் இருக்கும் இடத்திலிருந்து பெயின்ட்மேல் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று வழிந்திருக்கும். அதைத்தான் நான் முதலில் தேடுவேன்.