உறிஞ்சுவதா, உள்ளெடுப்பதா?

கடலூர்ப் பக்கம் திசு வாழை, அதாவது ஆய்வகக் குடுவையில் சத்துக் கலவையில் திசுவிலிருந்து வளர்த்தெடுத்த வாழை, வந்த பிறகு, அதைப் பற்றிய கையேடுகளும் கூடவே வந்துவிட்டன. பயிற்சிக்குப் போனால் ஒன்று தருகிறார்கள், வாட்ஸப்பில் இன்னொன்று சுற்றுகிறது. எதைப் பிரித்தாலும் ஒரு வாக்கியம் கண்ணில் படாமல் இருக்காது: "செல்கள் ஊடகத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சுகின்றன." ஊடகம் என்று அவர்கள் சொல்வது அந்தச் சத்துக் கலவையைத்தான். படித்துப் படித்து அலுத்துவிட்டது. குடுவைக்குள் இருக்கும் செல் சர்க்கரையை உறிஞ்சுவதே இல்லை.

ஆங்கிலத்தில் இதற்கு 'அப்டேக்' என்பார்கள். எடுத்தல் என்ற வினையும் மேல் என்ற முன்னொட்டும் சேர்ந்த சொல், அவ்வளவுதான். நம் 'உறிஞ்சு' வேறு ரகம். அதற்கு வாய் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு குழலாவது வேண்டும். அட்டை உறிஞ்சும், கொசு உறிஞ்சும். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் நீரும் அதில் கரைந்த எல்லாமும் சேர்ந்தேதான் வரும். வேர் நீரை உறிஞ்சுகிறது என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். இலைகள் நீராவியை வெளியே விட விட, மேலிருந்து ஓர் இழுப்பு அங்கே உண்மையிலேயே இருக்கிறது. குடுவைச் செல்லுக்கு வேர் ஏது, இழுப்பு ஏது?

அங்கே நடப்பதைப் பாருங்கள். 1962-இல் முராஷிகி, ஸ்கூக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் புகையிலைத் திசுவுக்காக வகுத்த கலவைதான் இன்றும் பரவலாகப் புழங்குகிறது. அதில் லிட்டருக்கு 30 கிராம் சுக்ரோஸ், அதாவது நெல்லிக்குப்பம் ஆலையிலிருந்து வருகிற அதே கரும்புச் சர்க்கரைதான். குடுவைச் செல்களில் பெரும்பாலானவை தங்கள் உணவை ஒளியைக் கொண்டு தயாரித்துக்கொள்ள முடியாதவை, அதனால்தான் இந்த ஏற்பாடு. ஆனால் சுக்ரோஸில் பெரும்பகுதி அப்படியே உள்ளே போவதில்லை. செல்சுவரில் இருக்கும் இன்வர்டேஸ் என்ற நொதி அதை வெளியிலேயே குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடுகிறது. (சுக்ரோஸை உடைக்காமலே எடுத்துக்கொள்ளும் செல்களும் உண்டு.) சில நாள் கழித்துக் கரைசலைச் சோதித்தால் சுக்ரோஸ் இறங்கி, மற்ற இரண்டும் ஏறியிருக்கும். அப்புறம் பெரும்பாலும் குளுக்கோஸ்தான் முதலில் தீரும், ஃபிரக்டோஸ் காத்திருக்க வேண்டும். உறிஞ்சுகிற வாய்க்கு இப்படிப் பொறுக்கி எடுக்கத் தெரியுமா?

அதுவும் சும்மா நடப்பதில்லை. செல் முதலில் ஆற்றலைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. அவை திரும்பி உள்ளே வரும்போது, சவ்வில் இருக்கும் கடத்திப் புரதங்கள் சர்க்கரை மூலக்கூறையும் சேர்த்து உள்ளே விடுகின்றன. அதனால் வெளியே இருப்பதைவிட உள்ளே சர்க்கரை அதிகம் இருந்தாலும் செல்லால் இன்னும் எடுக்க முடிகிறது. உள்ளே வந்த சர்க்கரையில் பாஸ்பேட் ஏறுகிறது. பிறகு ஒரு பங்கு சுவாசத்துக்குப் போகிறது, ஒரு பங்கு செல்சுவர் கட்ட, மிச்சம் மாவுச்சத்தாகச் சேமிப்பில்.

சரி, உறிஞ்சல் வேண்டாம், வேறு என்ன? 'உள்வாங்குதல்' என்று ஒரு நண்பர் சொன்னார். கடலூர்க்காரனிடம் போய் இதைச் சொல்லலாமா? 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, உள்வாங்கியது என்றால் எங்களுக்குக் கடல்தான். சாலை உள்வாங்கினால் பள்ளம். 'உட்கொள்ளுதல்' மாத்திரைக்கும் சோற்றுக்கும் போய்விட்டது, மறுபடியும் வாய் வந்துவிடுகிறது. 'உள்ளேற்பு' கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் 'ஏற்பி' என்ற சொல் செல்சவ்வில் வேறொரு புரதத்துக்குப் பெயராகி நிலைத்துவிட்டது. 'கிரகித்தல்' வேளாண் நிகழ்ச்சிகளின் சொல். வடமொழி என்பதற்காக அதை நான் தள்ளவில்லை. பாடத்தைக் கிரகிக்கிறதா, பாஸ்பரஸைக் கிரகிக்கிறதா என்று தெரியாத மூட்டமான சொல் என்பதால் தள்ளுகிறேன். 'உள்ளீர்த்தல்' என்றால் பாடநூலில் விதை நீரில் ஊறிப் பருப்பது. அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டினால் மாணவன்தான் குழம்புவான்.

இலங்கைப் பாடநூல்களில் அகத்துறிஞ்சல், புறத்துறிஞ்சல் என்று வைத்தார்கள். உறிஞ்சலை விடவில்லை என்றாலும், உள்ளே போவதையும் மேலே ஒட்டுவதையும் பிரித்துக் காட்டினார்கள். நம் கையேட்டுக்காரர்களுக்கு அந்தக் கவலைகூட இல்லை. ஊறுவது, ஒட்டுவது, நுழைவது, எடுப்பது எல்லாமே 'உறிஞ்சுதல்'. செல் வளர்ப்பைக் குறிக்கும் 'செல் கல்ச்சர்' இயந்திர மொழிபெயர்ப்பில் 'செல் பண்பாடு' என்று வந்ததை அப்படியே அச்சேற்றிய துண்டறிக்கையும் பார்த்திருக்கிறேன். திருத்த ஒரு நிமிடம்கூடச் செலவிடாதவர்கள், விவசாயிக்குப் புரியவில்லை என்று குறைப்படுகிறார்கள்.

விவசாயி எப்படிப் பேசுகிறார் என்று கேட்டிருந்தாலே போதும். "யூரியா போட்டும் பயிர் எடுக்கல", "மழைக்கு அப்புறம் உரத்த நல்லா எடுத்துக்கிச்சு." எடுத்தல்! சொல் வயலிலேயே கிடக்கிறது. 'உள்' சேர்த்தால் உள்ளெடுத்தல், பெயராக்கினால் உள்ளெடுப்பு. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, பாடநூல்களிலும் தலைகாட்டும் சொல்தான். பொறுக்கி எடுப்பதும் பாடுபட்டு எடுப்பதும் அதற்குள் அடங்கும்.

இனி அந்த வாக்கியம். 'ஊடகம்' என்றால் இன்று ஊரில் பாதிப் பேருக்கு டிவி சேனல்தான் நினைவுக்கு வரும். அதையும் தூக்கிவிட்டு இப்படி எழுதலாம்: "குடுவைக் கரைசலில் உள்ள சர்க்கரையைச் செல்கள் பெரும்பாலும் வெளியிலேயே உடைத்து, பிறகு உள்ளெடுக்கின்றன." நான்கைந்து சொல் கூடுகிறது, கூடட்டும்.