அது வரி அல்ல, தேமல்

மே மாதக் கடைசி. கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டின் பின்புறம், மேப்பிள் மரத்தடியில் ஹோஸ்டா இலைகள் விரிந்து நின்றன. இலையின் அழகுக்காகவே நிழலில் வளர்க்கும் செடி அது. வீட்டுக்கார அக்கா என்னை நேரே ஒரு தூரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "தம்பி, இதைப் பாருங்கள். மூன்று வருடமாக வெறும் பொன்னிறமாக இருந்தது. இந்த வருடம் வரி போட்டிருக்கிறது!"

பார்த்தேன். பொன்னிற இலையில் நரம்புகளை ஒட்டிக் கரும்பச்சை கசிந்திருந்தது. வேட்டியில் மை சிந்தினால் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடுமே, அப்படி. பக்கத்து இலையில் அதே பச்சை வேறு விதமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது வரி அல்ல, நோய். நிழல் தோட்டம் போடுவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, சிரித்த முகத்தோடு காட்டப்படும் செடியை "பிடுங்கிவிடுங்கள்" என்று சொல்வதைப் போலச் சங்கடமான வேலை வேறு இல்லை.

இதற்கு ஹோஸ்டா வைரஸ் எக்ஸ் என்று பெயர். 1996இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பென் லாக்ஹார்ட் என்பவர் இதைக் கண்டறிந்தார். வேடிக்கை என்னவென்றால், நோய் கண்ட செடிகளையே அபூர்வமான புது ரகங்கள் என்று பெயர் சூட்டி விற்றிருக்கிறார்கள். 'லெப்பர்ட் ஃப்ராக்', 'லூனசி', 'பிரேக்டான்ஸ்' எல்லாம் அப்படி வந்தவை. விற்றவர்களுக்கும் அப்போது தெரியவில்லை. வண்ணம் கலந்த இலைக்குக் கூடுதல் விலை கிடைக்கும் சந்தையில் நோயும் ஒரு அழகாகிவிட்டது.

ஊரில் வெண்டை பயிரிட்டவர்களுக்கு மஞ்சள் நரம்புத் தேமல் நோய் தெரிந்திருக்கும். இலையைப் பார்த்ததும் தேமல் என்று சொல்லிவிடுவார்கள். அதை யாரும் அழகு என்று கொண்டாடியதில்லை. வெண்டைத் தேமலை வெள்ளை ஈ பரப்புகிறது. ஹோஸ்டாவின் தேமலைப் பரப்புவது பூச்சி அல்ல, நாம். செடியின் சாறு பட்ட கத்தி, மண்வெட்டி, கை, இவை போதும்.

அப்படியானால் உண்மையான வரியை எப்படி அடையாளம் காண்பது? வரியிலை ஹோஸ்டாவின் குருத்து நுனியில் திசுக்கள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றில் ஒரு அடுக்கு பச்சையம் உண்டாக்கும் திறனை இழந்திருந்தால், அந்த அடுக்கிலிருந்து வளரும் பகுதி வெளுத்து வரும். அதனால் ஒரே தூரின் இலைகளில் கோலம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். 'பேட்ரியட்' ரகம் என்றால் ஓரம் வெள்ளை, நடுவில் பச்சை. 'ஜூன்' என்றால் நடுவில் பொன்னிறம், ஓரத்தில் நீலப்பச்சை. இரண்டு நிறமும் சந்திக்கும் எல்லை, கரைபோட்ட சேலையைப் போலத் தெளிவாக இருக்கும். வரி நரம்பின் போக்கிலேயே, அதைத் தாண்டிக் கசியாமல் ஓடும். நோயில் அந்த ஒழுங்கு கிடையாது. இலைக்கு இலை மாறும், நிறம் நரம்பை ஒட்டித் தொடங்கி அதைத் தாண்டிக் கசியும், நோய்ப்பட்ட இடம் தடவிப் பார்த்தால் மெலிந்தோ சுருங்கியோ இருக்கும்.

நிறம் மாறியதைக் கண்டதும் பதற வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'கோல்ட் ஸ்டாண்டர்ட்' வசந்தத்தில் பச்சையாக எழும்பி, சில வாரங்களில் நடுப்பகுதி பொன்னிறமாகும். 'ஜூன்' அடர்ந்த நிழலில் பச்சையாகவே நிற்கும். வரித்தூரில் முழுப் பச்சைக் குருத்து ஒன்று கிளம்பினால் அதுவும் நோய் அல்ல. செடி தன் பழைய நிறத்துக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான். அந்தக் குருத்தை வேரோடு பிரித்து எடுத்துவிடுங்கள். பச்சையம் நிறைந்த அது வேகமாக வளர்ந்து வரியிலைகளை அமுக்கிவிடும்.

வளர்ப்பு முறை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காலை வெயில் நல்லது, பிற்பகல் வெயில் கூடாது. வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகும். மேப்பிள் வேர்கள் மேல்மண்ணிலேயே பின்னிக் கிடந்து தண்ணீரைக் குடித்துவிடுவதால், மழை பெய்த மறுநாளும் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். ஓடில்லா நத்தைகள் இலையைச் சல்லடையாக்கும். ஊருக்கு ஒரு துண்டு கொண்டுபோகலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். ஜப்பான், கொரியா, சீனப் பகுதிகளிலிருந்து வந்த இந்தச் செடி குளிரில் சில வாரங்கள் உறங்கினால்தான் மறுபடி நன்றாக எழும்பும். சென்னையில் அந்தத் தூக்கத்துக்கு வழியில்லை.

கத்திக்கு வருகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரே கத்தியால் ஒரே பிற்பகலில் இருபது தூர்களைப் பிரித்து நட்டிருக்கிறேன். யாரும் தடுக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நோயின் அடையாளம் உடனே வெளியே தெரியாது என்பதுதான் இதில் உள்ள கொடுமை. சில தூர்கள் வருடக்கணக்கில் ஒன்றும் இல்லாததுபோல நிற்கும். அதற்குள் எத்தனை கை மாறியிருக்கும்! இப்போது ஒரு தூரை முடித்ததும் கத்தியில் ஒட்டிய மண்ணையும் சாற்றையும் தேய்த்துக் கழுவுகிறேன். பிறகு ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த வாளியில் ஊறவைத்துவிட்டு, அடுத்த தூருக்கு வேறு கத்தியை எடுக்கிறேன். பூத்தண்டு நறுக்கும் கத்தரிக்கும் இதே விதி. ஸ்பிரிட்டில் ஒரு துடைப்பு துடைத்தால் போதும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

அக்காவிடம் விசாரித்தேன். போன செப்டம்பரில் தள்ளுபடி விலையில் வாங்கிய ஒரு ஹோஸ்டாவை இரண்டாக நறுக்கி நட்டிருக்கிறார். கழுவாத அதே கத்தியால் இந்தப் பொன்னிறத் தூரையும் பிரித்திருக்கிறார். இந்த வைரஸைக் காட்டிக்கொடுக்கும் சோதனைப் பட்டை என்னிடம் இருந்தது. அதை இலைச்சாற்றில் வைத்தோம். சில நிமிடங்களில் இரண்டு கோடு விழுந்தது; நோய் உறுதி. மருந்து ஏதும் இல்லையா என்றார். இல்லை. ஒரு சின்னத் துண்டை மட்டும் தொட்டியில் தனியாக வைத்துக்கொள்ளலாமா என்றார். கூடாது என்றேன். தள்ளுபடிச் செடியின் இரண்டு பாதிகளையும் பொன்னிறத் தூரையும் வேரோடு தோண்டிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டோம்; மட்குக் குழிக்குள் போடவில்லை. மண்ணில் தங்கிய வேரிலிருந்து மறுபடி குருத்து வரலாம் என்பதால் அந்த இடத்தில் ஹோஸ்டா வைக்காமல் பெரணி வைத்தோம்.

பொன்னிறத் தூரைப் பிரித்தபோது மிஞ்சிய துண்டுகளை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாராம். உடனே போய்க் கேட்டோம். ஒரு வீட்டில் செடி தொட்டியிலேயே இருந்தது, வாங்கிக்கொண்டோம். மற்ற வீட்டுப் பெண்மணி, இந்த வசந்தத்தில் தானும் அதைப் பிரித்து மிசிசாகாவில் இருக்கும் மகளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டதாகச் சொன்னார்.