பெல்லெட் அடுப்பும் அது இழுக்கும் காற்றும்

ஒரு கிலோ உலர்ந்த மரம் முழுமையாக எரிய ஏறக்குறைய 6 கிலோ காற்று வேண்டும். வீட்டைச் சூடாக்கப் பெல்லெட் அடுப்பு வைத்திருப்பவர் மறக்கக் கூடாத கணக்கு இது. ஏனெனில் அடுப்பு மக்கர் செய்தால் பலரும் பெல்லெட்டைத்தான் குறை சொல்கிறார்களே தவிர, அதைவிட ஆறு மடங்கு எடையுள்ள காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பதில்லை.

பெல்லெட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த, பெரும்பாலும் 6 அல்லது 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு உருளை. அச்சுத் துளை வழியே பெரும் அழுத்தத்தோடு தள்ளப்படும்போது எழும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் என்னும் இயற்கைப் பிணைப்பொருள் இளகி, ஆறியதும் இறுகித் தூளைப் பிணைத்துவிடுகிறது. நல்ல பெல்லெட்டில் ஈரப்பதம் 10 விழுக்காட்டைத் தாண்டாது. அதனால் ஒரு கிலோவிலிருந்து 5 கிலோவாட் மணிக்குச் சற்றுக் குறைவான வெப்பம் கிடைக்கிறது. அதே பெல்லெட்டில் தண்ணீர் பட்டால் ஊதி உதிர்ந்து மறுபடி மரத்தூளாகிவிடும் என்பதால், மூட்டைகளை வெறுந்தரையில் அடுக்குவது நல்லதல்ல.

அடுப்பின் தொட்டியில் கொட்டிய பெல்லெட்டை ஒரு திருகுத்தண்டு விட்டுவிட்டுச் சுழன்று, அடியில் துளைகளுள்ள சிறிய எரிகிண்ணத்துக்குள் கைப்பிடிக்கும் குறைவாகத் தள்ளுகிறது. அங்கே சூடேறும் மரம் முதலில் வாயுக்களை வெளிவிடுகிறது. நாம் காணும் சுடர் பெரும்பாலும் அந்த வாயுக்கள் எரிவதுதான், எஞ்சிய கரி பிறகு கனன்று தீர்கிறது. அடுப்புக்குள் இரண்டு விசிறிகள் உண்டு. ஒன்று அறைக் காற்றை வெப்பமாற்றிக் குழாய்களின் மேல் ஓடவிட்டுச் சூடாக்கித் திருப்பி அனுப்புகிறது. மற்றொன்று புகைவழியில் அமர்ந்து, எரிந்த வாயுவை வெளியே இழுக்கிறது. அந்த இழுப்பினால் தீயறையின் அழுத்தம் அறையின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைந்து, புதிய காற்று கிண்ணத்தின் துளைகள் வழியே மேலேறுகிறது. இந்த அழுத்த வேறுபாடு மறைந்தால், எடுத்துக்காட்டாகக் கதவு திறந்தால், ஓர் உணர்விசை திருகுத்தண்டை நிறுத்திவிடும். மின்சாரம் போனால் விசிறியும் நிற்கும். கிண்ணத்தில் மிச்சமிருக்கும் சிறிது எரிபொருள் அணையும்வரை புகை அறைக்குள் கசியக்கூடும். ஆகவே புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி இல்லாமல் இந்த அடுப்பை ஓட்டக் கூடாது என்பதே என் கருத்து.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் இந்தக் காற்றுவழியைத் திறந்து வைத்திருப்பதுதான். கிண்ணத்தின் துளை ஒன்றிரண்டு சாம்பலால் அடைபட்டால் காற்று குறைகிறது. காற்று குறைந்தால் வாயுக்கள் முழுதாக எரியாமல் புகைக்கரியாகப் படிகின்றன. அந்தக் கரி வெப்பமாற்றியிலும் விசிறி இதழ்களிலும் ஒட்டி, இழுப்பை மேலும் குறைக்கிறது. சுடரைப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம்: நலமான சுடர் குட்டையாக, பளிச்சென்று துள்ளும், காற்றுக்கு ஏங்கும் சுடர் நீண்டு, செம்மஞ்சளாகி, நுனியில் புகையோடு சோம்பலாக அசையும். கண்ணாடியில் வெளிர்சாம்பல் படிவது இயல்பு. கருமை படிந்தால் தேட வேண்டியது அடைப்பையோ, தளர்ந்த கதவுக் கேஸ்கெட்டையோ (கதவோரத்தில் காற்றுக் கசியாமல் அடைக்கும் பட்டை). ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவி வந்தால் கேஸ்கெட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது.

கிண்ணத்தை ஓரிரு நாளுக்கொருமுறை சுரண்டுவதும், வெப்பமாற்றிக் குழாய்களை வாரந்தோறும் துடைப்பதும், புகைக்குழாயை ஆண்டுக்கு ஒருமுறையேனும் தூர்வாருவதும் போதுமானவை. சாம்பலுக்குள் தணல் வெகுநேரம் உயிரோடிருக்கும் என்பதால், அதைச் சாதாரண வாக்குவம் கிளீனரால் உறிஞ்சாமல், மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் ஆறவிட வேண்டும்.

மக்காச்சோளம் எரிக்கும் அடுப்பில் வேலை கூடுதல். மக்காச்சோள மணியில் பொட்டாசியமும் பாஸ்பரசும் மிகுதி. அவற்றால் சாம்பல் தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகி, கொல்லன் உலையில் கிடக்கும் கிட்டம் போலக் கட்டியாக இறுகி, துளைகளை மொத்தமாக மூடிவிடுகிறது. சோள அடுப்புகள் பலவற்றின் கிண்ணத்தில் கிளறுதண்டு சுழல்வது இதனால்தான். மணி எளிதில் தீப்பற்றாததால், முதலில் ஒரு பிடி மரப் பெல்லெட்டால் தீமூட்டுவது வழக்கம். மணியின் ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். சோளத்துக்கென வடிவமைக்கப்படாத அடுப்பில் அதைப் போட்டுப் பார்ப்பது வீண் துணிச்சல்.

குளிர்காலம் முடிந்ததும் செய்யும் சுத்தமே எல்லாவற்றிலும் முக்கியமானது. சாம்பல் காரத்தன்மை உடையது. கோடையின் ஈரக்காற்றை உறிஞ்சி எஃகை மெல்ல அரிக்கும். தொட்டியையும் திருகுத்தண்டையும் ஓட்டிக் காலிசெய்யாமல் விட்டால், உள்ளே தங்கிய பெல்லெட் ஈரத்தில் ஊதி இறுகிவிடும். அடுத்த குளிர் தொடங்கும் நாளில் பொத்தானை அழுத்தினால் மோட்டார் முனகும், திருகு அசையாது.