நாரோபோட் வாங்கும் முன் காற்றுத் துளைகளைப் பாருங்கள்

“ஏனுங்ண்ணா, நீச்சல் தெரிஞ்சிருக்கோணுமுங்களா?”

இங்கிலாந்தின் லெஸ்டரில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் போனில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. வாடகை கொடுத்துக் களைத்துப்போய், கால்வாயில் ஓடும் ஒடுக்கமான நீளப் படகான நாரோபோட் ஒன்றை வாங்கி அதிலேயே குடியேறிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். வாங்கும் முன் படகைச் சோதித்துச் சொல்ல வேண்டும். அதுதான் என் தொழில். ஊரில் “சர்வேயர்” என்று சொன்னால் நிலம் அளப்பவன் என்று நினைத்துப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நான் அளப்பது படகின் இரும்புத் தகட்டை.

நீச்சல் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் இங்கிலாந்தின் பெரும்பாலான கால்வாய்களில் விழுந்தவர் எழுந்து நின்றால் தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும். ஆறும், படகை ஏற்றி இறக்கக் கதவுகள் வைத்துக் கட்டிய ‘லாக்’ தொட்டியும் வேறு கதை. தண்ணீரைப் பற்றிக் கேட்காத ஆளே இல்லை. படகுக்குள் இருக்கும் காற்றைப் பற்றி இதுவரை ஒரே ஒருவர்தான் கேட்டிருக்கிறார், அவரும் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்.

ஆலப்புழை படகுவீட்டை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம். நாரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். 1766இல் தொடங்கிய ட்ரென்ட்-மெர்சி கால்வாய்க்கு ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் சுமார் 7 அடி அகல லாக்குகளைத் தேர்ந்தெடுத்தார். அதைப் பின்பற்றி மற்ற கால்வாய்களும் வெட்டப்பட்டன. குதிரை இழுத்துப் போன நிலக்கரிப் படகுக்கு வைத்த அளவு, இன்று அதில் கட்டில் போட்டு வாழ்பவருக்கும் அதேதான். நீளத்தில் மட்டும் தாராளம். 70 அடி வரை போகும். 57 அடி இருந்தால் நாட்டின் பெரும்பாலான கால்வாய்களில் தடையில்லாமல் சுற்றலாம் என்பது படகுக்காரர்கள் கணக்கு.

அந்த 57 அடிப் படகின் உள்ளறைகளை எல்லாம் சேர்த்தால் எவ்வளவு காற்று இருக்கும்? ஒருமுறை டேப் வைத்து அளந்து பார்த்தேன். நம் ஊரில் 12க்கு 12 அடியில், பத்தடி உயரத்தில் ஒரு அறை கட்டுவோமே, கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த ஒரு அறைக்குள் கரி அடுப்பு, கேஸ் அடுப்பு, படுக்கை எல்லாம் இருக்கின்றன. குளிர்காலத்தில் கதவு ஜன்னல் அத்தனையும் சாத்தியிருக்கும். காற்று வந்து போகக் கூரையில் காளான் வடிவப் பித்தளைக் குமிழ்களும் கதவுகளின் அடியில் துளைகளும் வைத்திருப்பார்கள். நவம்பர் பிறந்ததும் குளிர் தாங்காமல் மக்கள் முதலில் கை வைப்பது அவற்றில்தான்.

தம்பி காட்டிய படகு பிரான்ஸ்டன் என்ற ஊர்ப் பக்கம் கரையில் கட்டி நின்றது. விற்பவர் அதிலேயே ஏழு ஆண்டுகள் தனியாக வாழ்ந்த அம்மையார். சுத்தமான படகு, துடைத்து வைத்த பித்தளை, அடுப்பின் மேல் கெட்டில். கூரைக் குமிழ்களை உள்ளிருந்து திறந்து பார்த்தேன். நான்கில் மூன்றில் பழைய காலுறை. கதவுத் துளைகளின் மேல் டேப் ஒட்டியிருந்தது. என் சட்டைப் பையில் கார்பன் மோனாக்சைடு அளக்கும் சின்னக் கருவி எப்போதும் இருக்கும். அடுப்பு எரியத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் அது 60 பிபிஎம்மை (காற்றில் பத்து லட்சத்துக்கு 60 பங்கு) தாண்டியது. பின்கதவைத் திறந்துவிட்டு, “உங்களுக்குத் தலைவலி வருமா?” என்று கேட்டேன்.

“தினமும் காலையில் வரும். ஈரக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்கு நடந்து போய் வந்தால் சரியாகிவிடும்” என்றார்.

வெளியே போனால் சரியாகிறது, உள்ளே வந்தால் திரும்புகிறது என்றால் அதை ஈரக் காற்றின் மேல் போட்டுவிட்டு உட்காரக் கூடாது. கரி, விறகு, கேஸ், பெட்ரோல், டீசல் என எது எரிந்தாலும் காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு கூடும். நிறமில்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி என்று ஃப்ளூ போலவே தொடங்கும், ஆனால் காய்ச்சல் இருக்காது. இன்னொன்று: கொரோனா காலத்தில் எல்லார் வீட்டிலும் வாங்கிய விரல் ஆக்சிமீட்டர் இதில் ஏமாற்றிவிடும். அதற்கு இரண்டு வாயுவும் ஒன்றுபோலத் தெரியும். 98 காட்டுகிறதே என்று நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். மருத்துவமனையில் “படகில் இருக்கிறேன், கார்பன் மோனாக்சைடு பாருங்கள்” என்று நீங்களே சொல்லி ரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும்.

அடுப்பின் கதவைச் சுற்றி ஒரு கயிறு பதித்திருப்பார்கள். ஒரு தாளை நடுவில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் கயிறு நைந்துவிட்டது, மாற்றுங்கள். சில பவுண்டு செலவுதான். அடுத்து, புகைக்குழாய் கூரையைத் துளைத்துப் போகும் இடம், அடுப்போடு சேரும் இடம் இரண்டிலும் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த அம்மையாரின் படகில் கயிறும் நைந்திருந்தது, புகைக்குழாய் அடுப்போடு சேரும் கழுத்தில் சிமெண்டும் உதிர்ந்திருந்தது. போதாததற்கு, இரவில் காற்று வழியை ஒட்டக் குறைத்துத் தணலை விடிய விடிய அடக்கி வைக்கும் பழக்கம். நச்சு அதிகம் வருவது அப்படி மூச்சுத் திணறிக் கிடக்கும் தணலிலிருந்துதான். வெளியில் சுட்டு முடித்த பார்பிக்யூ தட்டு சூடாக இருக்கிறதே என்று உள்ளே எடுத்து வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவு செய்து வேண்டாம்.

அலாரம் இல்லையா? இருந்தது. பாத்திர அலமாரியில், பேட்டரி கழற்றி. ரொட்டி வாட்டும்போதெல்லாம் கத்துகிறதாம். கத்தியது பக்கத்தில் இருந்த புகை அலாரம். கோபத்தில் இரண்டையும் கழற்றிவிட்டார். தோசைக்கல்லோடு குடியேறப் போகும் நம்மவர்களுக்கும் இது நடக்கும். புகைக்கு ஒன்று, இந்த வாயுவுக்கு ஒன்று, இரண்டும் தனித்தனிக் கருவிகள். குடியிருக்க அறையுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2019 ஏப்ரலிலிருந்து இங்கே கட்டாயம். பின்னால் இஎன் 50291-2 என்ற தர எண் அச்சிட்டதை வாங்குங்கள். அது படகுக்கு ஏற்றதென்று சோதிக்கப்பட்டது. 300 பிபிஎம்மில் மூன்று நிமிடத்துக்குள் கத்தும். 50இல் கத்த ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே அலாரம் சும்மா இருக்கிறதே என்று தலைவலியை ஒதுக்கக் கூடாது. காலாவதித் தேதியையும் பாருங்கள். கத்தினால் கதவுகளைத் திறந்து, முடிந்தால் அடுப்பை அணைத்து, வெளியே வந்து இங்குள்ள அவசர உதவி எண்ணான 999க்குப் போன் செய்யுங்கள்.

எஞ்சினையும் சொல்ல வேண்டும். 2013இல் விண்டர்மியர் ஏரியில் ஒரு மோட்டார் படகில் உறங்கிக்கொண்டிருந்த தாயும் மகளும் இந்த வாயு தாக்கி இறந்தார்கள். பெட்ரோல் ஜெனரேட்டருக்கு வீட்டிலேயே ஒட்டவைத்த புகைக்குழாய் கழன்றிருந்தது. அலாரத்துக்கு மின் இணைப்பு இல்லை. 2016இல் நார்ஃபோக்கின் ராக்ஸம் பக்கம் இன்னொரு படகில் பெட்ரோல் எஞ்சின் புகை இருவரைப் பலிகொண்டது. நாரோபோட்டில் பெரும்பாலும் டீசல் எஞ்சின், அதில் இந்த வாயு குறைவு. அதை நம்பி, பேட்டரி ஏற்றச் சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டரைப் பின்தளத்தில் துணிக்கூடாரத்துக்குள் ஓட்டுகிறார்கள். அது கூடவே கூடாது. உங்களிடம் ஒன்றுமே எரியாவிட்டாலும், ஒட்டிக் கட்டியிருக்கும் பக்கத்துப் படகின் புகை உங்கள் ஜன்னலுக்கு நேராக வரலாம். கட்டி நிற்கும் படகில் இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சின் ஓட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. கூச்சப்படாமல் தட்டிச் சொல்லுங்கள்.

சரி, தகட்டை அளக்கப் படகைத் தண்ணீரிலிருந்து எடுக்க வேண்டும். அதற்காக மூவருமாக பிரான்ஸ்டன் லாக்குகள் ஆறையும் இறங்கிப் போனோம். முதல் லாக்கிலேயே தம்பி கரையில் இருந்த வெள்ளைக் கோட்டைக் காட்டி அது எதற்கு என்று கேட்டார். நல்ல கேள்வி. மேல் கதவின் அடியில், தண்ணீருக்குள், ஒரு திண்ணை நீட்டிக்கொண்டிருக்கும். சில் என்பார்கள். லாக் நிரம்பியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. இறங்கும்போது படகின் பின்முனை அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்றால், தண்ணீர் குறையக் குறையப் பின்பக்கம் திண்ணையில் மாட்டிக்கொள்ளும், முன்பக்கம் சரிந்து தண்ணீர் உள்ளே பாயும். இருபது டன் படகும் சில நிமிடத்தில் முங்கிவிடும். மாட்டிக்கொண்டால் முதலில் கீழ் மதகை அடையுங்கள், பிறகு மேல் மதகை மெதுவாகத் திறந்து நிரப்புங்கள். லாக்கில் படகு இருக்கும்வரை சுக்கானைப் பிடித்திருப்பவர் போனை எடுக்கக் கூடாது. (லாக் வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். எலிக்காய்ச்சல் இங்கேயும் உண்டு.)

தகடு நன்றாகவே இருந்தது. அடியில் 10 மில்லிமீட்டர், பக்கத்தில் 6 என்று கட்டிய படகு, மெலிந்த இடத்திலும் 5க்குக் குறையவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் வழக்கமாக 4 எதிர்பார்ப்பார்கள். தகடு அரிக்காமல் இருக்க அடியில் பொருத்தும் அனோடு என்ற உலோகக் கட்டிகள் மட்டும் கரைந்து போயிருந்தன.

“நாலு வருஷச் சர்ட்டிபிகேட் இருக்குதுங்ளே, அப்புறம் எதுக்குங்ண்ணா இவ்வளவு சோதனை?” என்றார் தம்பி. நான்கு ஆண்டுக்கொரு முறை எடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழும் இன்சூரன்ஸும் இல்லாமல் கால்வாய் லைசென்ஸ் கிடைக்காது, உண்மைதான். ஆனால் அந்தச் சான்றிதழ் தகட்டின் கனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சோதித்த மறுநாள் யார் காலுறையை அடைத்தார்கள் என்பதும் அதற்குத் தெரியாது.

அறிக்கையில் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். அம்மையார் மருத்துவரைப் பார்த்தார், கயிற்றை மாற்றினார், குமிழ்களைத் திறந்தார், புது அலாரம் இரண்டு மாட்டினார். இரண்டு வாரம் கழித்துத் தம்பியிடமிருந்து போன். படகு வாழ்க்கை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் அவர் விற்க நினைத்தாராம். இப்போது தலைவலி போய்விட்டதால் விற்கவில்லை என்று விளம்பரத்தை எடுத்துவிட்டார். தம்பிக்கு என் மேல் இன்னும் கொஞ்சம் வருத்தம்.